சோம்பேறி ரத்தம்

"என் ரத்தம் சோம்பேறி இல்ல மேடம். அதை மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க. வேற எதுவும் வேணாம்."

சொன்னவர் ஆறடிக்கு மேல் இருந்தார். தன் வீட்டு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, வலது கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தூக்கலுக்கும் முழங்கால் கறகறவென்று பதில் சொன்னது. தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு 'ஏணி' என்று பெயர். எந்த உயரமானாலும் முதல் ஆளாக ஏறுகிறவர். ஏழு மாதத்துக்கு முன், எரிகிற கட்டடத்தின் நான்காவது மாடியிலிருந்து ஒருவரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கும்போது, தரைக்குப் பத்தடி இருக்கையில் கால் வழுக்கி விழுந்தார். தோளில் இருந்தவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவருடைய வலது முழங்கால் குருத்தெலும்பு சில்லு சில்லாகிவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு நாற்பது வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவள். யார் பேச்சு நீண்டாலும் நடுவில் நறுக்கிவிடுவாள் என்பதால் 'கத்தரி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பக்கத்தில் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அம்மாவின் தம்பி. முன்னாள் ஆம்புலன்ஸ் டிரைவர், இந்நாள் உதவியாளர். உலகத்துக்கே மாமா.

"சோம்பேறின்னு யார் சொன்னது?" என்றாள் கத்தரி.

"முழங்கால் டாக்டர்தான். போன வாரம் ஸ்கேன் பாத்தாரு. உள்ள ஒண்ணுமே வளரலையாம். 'மத்தவங்களுக்கெல்லாம் வளர்ந்திருக்கு, உங்க ரத்தம் கொஞ்சம் சோம்பேறி ரத்தம்'னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. இருபத்திரண்டு வருஷம் மேடம்! மணி அடிச்சா முப்பதாவது செகண்ட் நான் வண்டியில இருப்பேன். என் ரத்தம் சோம்பேறியாம்."

"என் ரத்தத்தைச் சொல்லியிருந்தா நான் மறுபேச்சே பேசமாட்டேன்" என்றார் மாமா. "கொசு குத்தினாக்கூட எழுந்து வராது. கொசுதான் பாவம், காத்திருந்து பாத்துட்டுப் போகும்."

"மாமா!"

"சரி மருமகளே, வெட்டிட்ட. நீ கேளு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்னீங்களே, ஏன்?"

"அன்னிக்கு மெடிக்கல் போர்டு. சிகிச்சை எங்க இலாகா செலவுல நடந்தது. ஆஸ்பத்திரி தப்பு பண்ணியிருந்தா அவங்களே மறுபடி பண்ணணும், எனக்கும் ஆறு மாசம் தவணை கிடைக்கும். ரத்தமே சரியில்லன்னு ஆயிட்டா அத்தோட சரி. போன் எடுக்கற மேஜை. 'எங்கங்க எரியுது, அட்ரஸ் சொல்லுங்க'ன்னு ரிட்டயர் ஆகற வரைக்கும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்." மணல் பை தரையில் தொப்பென்று இறங்கியது. "மத்தவங்க ஏறுவாங்க. நான் அட்ரஸ் எழுதுவேன்."

"சிகிச்சையை ஒண்ணாவது நாள்லேர்ந்து சொல்லுங்க. அலங்காரம் வேணாம்."

"முதல்ல முழங்காலைத் திறந்து எலும்புல சின்னச் சின்ன ஓட்டை போட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு தினம் ஒண்ணா அஞ்சு ஊசி. அது முடிஞ்சதும் மெஷின்ல படுக்க வெச்சு ரத்தம் எடுத்து, அதுலேர்ந்து ஸ்டெம் செல்லை மட்டும் பிரிச்சு, குட்டிக் குட்டிக் குப்பியில உறைய வெச்சாங்க. அப்புறம் வாரம் ஒரு குப்பி, முழங்காலுக்குள்ள. அந்த ஓட்டையில அது உக்காந்து வளர்ந்து குருத்தெலும்பா ஆகணும். ஆகல."

"அந்த அஞ்சு ஊசியும் ஆஸ்பத்திரியிலயா?"

"வீட்லதான். ஒரு பெட்டி கொடுத்துவிட்டாங்க. ஃப்ரிட்ஜ்ல வெச்சு என் சம்சாரம் தினம் சாயங்காலம் போட்டா. சிஸ்டர் கத்துக் கொடுத்திருந்தாங்க. நான் நெருப்புக்குள்ள போயிடுவேன் மேடம், ஊசி மட்டும் ஆகாது. அவ அந்தக் குட்டி பாட்டில் கழுத்தை 'டிக்'குனு ஒடிக்கற சத்தம் கேட்டாலே கண்ணை இறுக்கி மூடிக்குவேன்."

"வலிச்சுதா?"

"எறும்பு கடிச்ச மாதிரி. எனக்கு ஒண்ணுமே இல்ல, அவதான் அந்த வாரம் பூரா முதுகு, இடுப்புன்னு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா. என்னைத் தூக்கி உக்கார வெச்ச வலி, பாவம். ஊசி எனக்கு, முதுகு வலி அவளுக்கு! பொருத்தம்னா இப்படி இருக்கணும்டான்னு ஸ்டேஷன்ல எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன்."

அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். ரொட்டித் தொழிற்சாலைச் சீருடை. வேலைக்கான வெள்ளைத் தொப்பியை வீட்டிலேயே காது மூட மாட்டியிருந்தாள். இரண்டு கோப்பைத் தேநீரை மேஜையின் மறு ஓரத்தில் வைத்து, கை எட்டுகிற தூரத்துக்கு நகர்த்திவிட்டாள். "காலை ஷிஃப்ட், நேரமாச்சு. தப்பா நினைக்காதீங்க" என்றாள். மெலிந்த முகத்தில் புருவங்கள் மட்டும் பென்சிலால் வரைந்து கச்சிதமாக இருந்தன.

கதவு சாத்தியதும் ஏணி சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

"பாத்தீங்களா? இப்பல்லாம் புருவம் வரையறா. பதினாறு வருஷம் பவுடர்கூடப் போட்டதில்ல. நான் படுத்த நேரம் பாத்து அவளுக்கு அழகு பண்ணிக்கத் தோணியிருக்கு." மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த கால் மடக்கும் இயந்திரத்தைக் காட்டினார். "ரெண்டு மாசம் அதுதான் என் காலை மடக்கி நீட்டுச்சு. அந்தச் சத்தத்துல தூக்கம் வரலன்னு உள்ளறைக்குப் போனா. மெஷினை நிறுத்தி மூணு மாசம் ஆகப் போகுது. இன்னும் உள்ளறைதான்."

கத்தரி அவர் பேச்சை வெட்டவில்லை. நோட்டில் மூன்றே மூன்று சொல் எழுதினாள்: பெட்டி. டிக். முதுகு.

மூட்டு ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் முழங்கால்களுக்குப் பஞ்சமில்லை. கட்டுப் போட்டது, வீங்கியது, சக்கர நாற்காலியில் நீட்டியது என்று வரிசையாக இருந்தன. மாமா தன் முழங்காலைத் தடவிக்கொண்டே நடுவில் போய் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் நான்கு பேருடைய குடும்பக் கதை அவருக்கு அத்துபடி. திரும்பி வரும்போது முகம் பளபளத்தது.

"மருமகளே, ஒரு விஷயம் சிக்கிச்சு. அதோ, கால்பந்து கோச், அந்தம்மா ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க. ரெண்டு பேரும் அஞ்சு ஊசி போட்டவங்க. 'எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி கையை எங்க கொண்டு போனாங்க தெரியுமா? பின்னாடி, இடுப்புக்கு. யாரோ முதுகெலும்புக்குள்ள புகுந்து சம்மட்டியால அடிச்ச மாதிரி இருந்துச்சாம். கோச் ராத்திரியெல்லாம் அழுதாராம். நம்ம ஆளுக்கு எறும்புக் கடி."

"அதனால?"

"அதனால என்ன? அவருக்குப் போனது மருந்தே இல்ல, வெறும் தண்ணி. இங்க எவனோ பெட்டியை மாத்தியிருக்கான். ஸ்டோர்காரனைப் பிடி, காதைத் திருகு, கேஸு முடிஞ்சுது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"முதல்ல பெட்டியைப் பாப்போம் மாமா. காது எங்கயும் போகாது."

ஊசி அறையின் சிஸ்டர் ஐம்பதைத் தாண்டியவர். விறைப்பான ஆள், ஆனால் குரலில் பஞ்சு வைத்துப் பேசினார். ஏணி கொடுத்தனுப்பிய இலாகா கடிதத்தைக் காட்டியதும் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே ஐந்து ஊசிகள், பேனா போல வரிசையாகப் படுத்திருந்தன.

"மருந்து பாட்டில் எங்க?" என்றாள் கத்தரி.

"பாட்டில் கிடையாதும்மா. ஊசிக்குள்ளயே ரொப்பித்தான் வரும். மூடியைக் கழட்டினா நேரா குத்த வேண்டியதுதான். வீட்ல இருக்கறவங்களே போடறதுக்காகத்தான் இப்படி."

"ஒடிக்கறதுக்கு எதுவும்…"

"ஒடிக்கறதா? இதுல எதை ஒடிப்பீங்க?"

மாமா வாயைத் திறந்தார். கத்தரியின் செருப்பு அவர் கால்விரல் மேல் ஏறியது. வாய் மூடிக்கொண்டது.

"அந்தத் தீயணைப்புக்காரர் பெட்டியை நீங்கதான் கொடுத்தீங்களா?"

"என் கையாலதான். அவங்க சம்சாரத்தை இதே ஸ்டூல்ல உக்கார வெச்சு, முதல் ஊசியை எடுத்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். அஞ்சு காலி ஊசியும் திரும்பி வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் இருக்கற லேபிளை உரிச்சு அட்டையில ஒட்டித் தரணும், அதுவும் வந்துச்சு." அட்டையைத் தேடி எடுத்து நீட்டினார். ஐந்து லேபிள்களும் கோணாமல் ஒட்டியிருந்தன.

"இது என்ன ஊசின்னு அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

சிஸ்டர் லேசாகச் சிரித்தார். "எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான். 'சத்து ஊசி மாதிரி, உடம்புக்குத் தெம்பு கொடுக்கும்'னு. உள்ளதைச் சொன்னா பயந்துடுவாங்க, ஆயிரம் கேள்வி வரும். சத்துன்னு சொல்லிட்டா யாரும் மறுகேள்வி கேக்கறதில்ல."

"அந்தம்மா கேட்டாங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. பெட்டி மேல இருந்த பேரை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டு, 'இது மத்த நோய்க்காரங்களுக்கும் போடற ஊசிதானே?'ன்னாங்க. ஆமாம்மா, நிறையப் பேருக்குப் போடறதுதான், பயப்படாதீங்கன்னு சொன்னேன்."

ரத்தம் பிரிக்கிற அறையில் சாய்வு நாற்காலி ஒன்று, பக்கத்தில் சலவை இயந்திரம் அளவுக்கு ஒரு பெட்டி, சுழலும் சத்தம். அதை இயக்குகிற டெக்னீஷியன் மெலிந்த மனிதர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற ரகம். ஆனால் தன் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதும் மடை திறந்துவிட்டது.

"ஸ்டெம் செல் எல்லாம் எலும்புக்குள்ள குடியிருக்கு மேடம். சும்மா இருக்கற ரத்தத்துல தேடினா ஒண்ணோ ரெண்டோதான் கிடைக்கும். அந்த ஊசிதான் சைரன். அது அடிச்சாதான் எல்லாம் எலும்பைவிட்டு வெளிய ஓடி வரும். அந்த நெரிசல்லதான் முதுகும் இடுப்பும் வலிக்கறது. வலிச்சா நல்ல சேதின்னு அர்த்தம். அப்போ இந்தக் கையில ரத்தத்தை எடுத்து, சுத்தி, வேண்டியதைப் பிடிச்சுக்கிட்டு, மிச்சத்தை அந்தக் கையில திருப்பி அனுப்பிடுவோம்."

"அந்தத் தீயணைப்புக்காரர் கணக்கு என்ன?"

கோப்பைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் நின்றார். எண் சிவப்பு மையில் இருந்தது.

"இருக்க வேண்டியதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சிவப்புல எழுதி வெச்சேனே."

"வாயால?"

அவர் இயந்திரத்தின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தார். "பாத்துட்டு, 'சோம்பேறி ரத்தம், இருக்கறதை வெச்சு ஓட்டுங்க'ன்னாரு. எங்க இடத்துல அப்படிச் சொல்றதுதான் பழக்கம். இருபது பேர்ல ஒருத்தருக்கு அப்படி வரும். வெளிய அடுத்த ஆள் காத்துக்கிட்டிருந்தாரு."

"ஊசி போட்டீங்களா, வலிச்சுதான்னு அவர்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அஞ்சு காலி ஊசியும் வந்திருந்துச்சே மேடம்."

"ஊசியைக் கேட்டீங்க. ஆளைக் கேக்கல." கத்தரி எழுந்தாள். "கடைசியா ஒண்ணு. இந்த ஊசியை உங்களைவிட அதிகமா உபயோகிக்கற இடம் எது?"

அவர் சொன்னார். இரண்டே சொல்.

வெளியே வந்ததும் மாமா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். "அப்போ ஸ்டோர்காரன் காது தப்பிச்சுதா?"

"பெட்டி சரியாத்தான் வீட்டுக்குப் போயிருக்கு. டிக்குனு சத்தம் வந்தது வேற பாட்டில். மருந்துக்கடையில கேட்டா கொடுக்கற, ஊசியில ரொப்பற தண்ணி பாட்டில். அஞ்சு ஊசியும் காலியாச்சு மாமா. அவர் உடம்புல இல்ல, அவ்வளவுதான்."

"பின்ன யார் உடம்புல?"

"அந்த வாரம் அந்த வீட்ல யாருக்கு முதுகு வலிச்சுது?"

மாமா நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ரொட்டித் தொழிற்சாலையின் வாசல் வழியாகப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் ஒவ்வொருத்தியும் செய்த முதல் காரியம், தொப்பியைப் பிடுங்கி முடியை உதறிவிட்டதுதான். காற்றில் மாவு பறந்தது. ஒருத்தி மட்டும் தொப்பியைத் தொடவில்லை. கூட்டத்தை விட்டு ஒதுங்கி, சுவர் ஓரமாக நடந்து வந்தாள். அடுப்பு வெப்பத்தில் வியர்த்து, இடது புருவம் பாதி அழிந்திருந்தது.

கத்தரி மரத்தடி பெஞ்சைக் காட்டினாள். ஏணியின் மனைவி மறுக்கவில்லை. இத்தனை மாதமாக இதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை தடவை மருந்து ஏத்தியாச்சு?"

"ஆறுல அஞ்சு."

"நோய் எங்க?"

"மார்புல." கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "அவர் விழுந்த மாசம் கட்டி தெரிஞ்சுது. புற்றுநோய்னு உறுதியாச்சு. அவருக்கு ஆபரேஷன் நடந்த அதே வாரம் எனக்கு முதல் மருந்து. டபுள் ஷிஃப்ட்னு சொல்லிட்டுப் போவேன். ஒரு வாரத்துல ரத்த அணு கீழ விழுந்துடுச்சு. அதை ஏத்தற ஊசி போடணும், இல்லன்னா அடுத்த மருந்து கிடையாதுன்னாங்க. ஊசி கேட்டா ஸ்டாக் இல்ல. எப்ப வரும்னு யாருக்கும் தெரியல."

"அப்புறம்?"

"வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தா, அதே பேர்ல அஞ்சு இருந்துச்சு."

மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"திருடணும்னு இல்லீங்க. அந்த சிஸ்டர் சத்து ஊசின்னாங்க. ஓட்டை போட்டதுதான் வைத்தியம், இது தெம்புக்குன்னு நினைச்சேன். அவருக்கா தெம்பு குறைச்சல்? ஆளைப் பாத்தீங்கல்ல. நல்லதை நான் போட்டுக்கிட்டேன், அவருக்குத் தண்ணி ஊசி போட்டேன். போன வாரம் ஸ்கேனைக் காட்டி டாக்டர் விளக்கினப்பதான் தெரிஞ்சுது, அந்த அஞ்சுதான் எல்லாமேன்னு. நான் அவருக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தேன்." அவள் குரல் உடையவில்லை, இன்னும் தட்டையாகிவிட்டது. "எங்க ஆஸ்பத்திரிக்கு ஸ்டாக் எப்ப வந்துச்சு தெரியுமா? பதினோரு நாள் கழிச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட இல்லைன்னு சொன்னதில்ல."

"நோயையாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா, ஆபரேஷனும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு என் கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஏணியை விட்டுட்டு. அவருக்கு வேற என்ன இருக்கு சொல்லுங்க. எங்களுக்குப் பிள்ளையும் இல்ல."

"வெள்ளிக்கிழமை போர்டுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சாகணும்."

"நாளைக்கு நானே சொல்றேன். இன்னிக்கு மட்டும் நீங்க சொல்லாதீங்க."

கத்தரி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அன்று கொடுத்தாள். "அவர் ரத்தம் சோம்பேறி இல்லன்னு மட்டும் சொல்றேன். அவர் கேட்டது அவ்வளவுதான்."

நாலு மணிக்கு அதே முன்னறை, அதே நாற்காலி. ஏணி மணல் பையைத் தூக்கிய மேனிக்கு விஷயத்தைக் கேட்டார்.

"உங்க ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. அந்த அஞ்சு ஊசி மருந்து உங்க உடம்புக்குள்ள போகவே இல்ல. சைரன் அடிக்காத ஸ்டேஷன்ல எவன் வண்டி ஏறுவான்? அவ்வளவுதான் நடந்தது."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கக் கத்தரிக்குக் கஷ்டமாக இருந்தது.

"சொன்னேன்ல! சொன்னேன்ல நான்! ஏய், கேட்டியா?" சமையலறைப் பக்கம் கத்தினார். அங்கே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ அந்த சிஸ்டர் பொம்பளதான். தண்ணிய அடைச்சுக் கொடுத்திருக்கா. எழுதுங்க மேடம், அவ பேரைப் போட்டு எழுதுங்க. வெள்ளிக்கிழமை போர்டுல அவ வேலைக்கு உலை வெக்கறேன்."

"சிஸ்டர் மேல தப்பு இல்ல."

"பின்ன யாரு? மெஷின்காரனா?"

"அவரும் இல்ல. ரிப்போர்ட்ல…"

"என்ன மேடம் இல்ல இல்லங்கறீங்க? ஊசி உள்ள போகலன்னு முதல்ல எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதையாவது சொல்லுங்க."

"அது என்ன பெரிய வித்தையா?" மாமா முந்திக்கொண்டார். நல்ல மனுஷன், இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்றுதான் நினைத்தார். "அந்த ஊசி போட்டவன் முதுகைப் பிடிச்சுக்கிட்டுச் சுவரோரமா நடப்பான். கோச் அழுதே இருக்காரு. உங்களுக்கு எறும்புக் கடின்னீங்களே, அப்பவே…"

கத்தரியின் பார்வை அவரை வந்து தைத்தது. அரை நொடி தாமதம்.

ஏணி சிரித்தார். "எனக்கு எங்க வலிச்சுது? ஊசி எனக்கு, முதுகு வலி அவளு…"

மணல் பை கட்டிய கால் அந்தரத்தில் நின்றது. இருபத்திரண்டு வருஷ வேலையில் புகை வாடையை எல்லாருக்கும் முன்னால் பிடிக்கிற மூக்கு அவருக்கு. சமையலறையில் குழாய் நின்றது.

"இங்க வா" என்றார்.

அவள் கையைத் துடைத்தபடி நிலைப்படியில் வந்து நின்றாள்.

"தொப்பியைக் கழட்டு."

"என்னங்க…"

"கழட்டு."

கழற்றினாள். பதினாறு வருஷம் இடுப்பு வரை தொங்கிய முடி இருந்த இடத்தில், பிறந்த குழந்தைக்கு இருப்பது போல நாலு மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைத் தொப்பி கையில் கசங்கியது. மாமா தரையைப் பார்த்தார்.

அவர் கேட்டது ஒன்றுதான். "புருவம்?"

"பென்சில்."

"நான் என்னென்னமோ நினைச்சேன்டி."

"தெரியும். நினைச்சா நினைச்சுட்டுப் போறீங்கன்னு விட்டுட்டேன். நோயைச் சொல்றதைவிட அது லேசா இருந்துச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அஞ்சையும் நானே உனக்குப் போட்டுவிட்டிருப்பேனே."

"உங்களுக்குத்தான் ஊசின்னா ஆகாதே." அவள் சுவரில் சாய்ந்தாள். "அஞ்சு நாளும் கண்ணை மூடிக்கிட்டீங்க. ஒரு நாள் திறந்திருந்தாக்கூட நான் மாட்டியிருப்பேன். திறக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் ஒடிச்சேன்."

அவர் குனிந்து மணல் பையின் முடிச்சை அவிழ்த்தார். விரல்கள் அவசரப்படவில்லை. அவிழ்த்ததைச் சுருட்டி, துணி போர்த்திய இயந்திரத்தின் மேல் வைத்தார்.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"ஒண்ணு. இந்த மாசக் கடைசியில."

"மேடம், ரிப்போர்ட் எழுதியாச்சா?"

"இல்ல."

"அந்த மருந்து இலாகா கொடுத்தது. வீட்ல கைமாறிச்சுன்னு காகிதத்துல வந்தா எனக்குத் தவணையும் கிடைக்காது, இவளை போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க. கடைசி மருந்துக்குப் போக வேண்டிய நாள்ல விசாரணைக்குப் போய் நிப்பா." அவர் கைகளை ஊன்றி எழுந்தார். முழங்கால் கறகறத்தது. "சோம்பேறி ரத்தம்னே எழுதிக்குங்க."

"காலையில அது பொய்னு நிரூபிக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டீங்க."

"காலையில எனக்கு முழங்கால் மட்டும்தான் கெட்டுப் போயிருந்துச்சு."

அவர் நொண்டிக்கொண்டே நிலைப்படிக்குப் போனார். மனைவி விலகி வழி விட்டாள். அவர் உள்ளே போகவில்லை, அவள் பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போது மாமாவின் முழங்கால் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் தளத்தில் நின்றார்.

"நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"நாளைக்கு அவங்களே சொல்லியிருப்பாங்க."

"இன்னிக்கு ஒரு ராத்திரியாவது அந்த ஆள் ஏணியில இருந்திருப்பான் மருமகளே. நான் எத்தனையோ பேரை ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருக்கேன். ஒருத்தனையும் நான் கீழ தள்ளினதில்ல…"

அவர் பேசிக்கொண்டே இறங்கினார். கடைசிப் படி வரை பேசினார். கத்தரி வெட்டவில்லை.

வண்டியில் உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்தாள். இன்சூரன்ஸ் காலத்திலிருந்து ஒரு ரிப்போர்ட்டில்கூட அவள் பொய் எழுதியதில்லை. காலையில் எழுதிய மூன்று சொல்லும் அங்கேயே இருந்தன. அந்தத் தாளைக் கிழித்து நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்தில் எழுதினாள்: 'ஆஸ்பத்திரி சொன்னதை மறுக்கக் கட்சிக்காரர் விரும்பவில்லை.'

படித்துப் பார்த்தாள். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.